ஒட்டுப் போட்ட இரும்பும் உண்மையும்

பழையதொரு பொருள் பழுதுற்றால் அதனைச் செப்பனிட்டு மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவருதல் நன்றா, அன்றி அதனை எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குதல் நன்றா? இக்கேள்வி கடைக்காரன் கேள்வி போலத் தோன்றும். விலையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணுவர். கணக்கெழுதிப் பிழைக்கும் நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துப் பட்டறையில் நிகழ்ந்த ஒரு சிறு காரியம், இஃது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும் என்பதை எனக்கு உணர்த்திற்று. அதில் என் குற்றமும் கலந்திருப்பதால், மறைக்காமல் அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

எங்கள் தோட்டத்து மானேஜர் பங்களாவைச் சூழ்ந்துள்ள புல்வெளியை வெட்டுவதற்கென, அமெரிக்காவிற் செய்யப்பட்ட சிறு டிராக்டர் ஒன்று முன்னொரு காலத்தில் வாங்கப்பட்டிருந்தது. வயலை உழும் டிராக்டரின் குட்டி என்று அதனைச் சொல்லலாம். ஓர் ஆள் ஏறி அமர்ந்து ஓட்டுவான். அதன் வயிற்றின் கீழே, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையில், கவிழ்த்து வைத்த பெருந்தட்டுப் போல ஓர் இரும்புக் கூடு தொங்கும். அதனை ‘டெக்’ என்பார்கள். நாம் வெட்டுத் தட்டு என்று சொல்வோம். அத்தட்டினுள்ளே இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் பம்பரம் போற் சுழன்று புல்லை வெட்டிப் பக்கவாட்டில் வீசும். நான் வேலைக்கு வந்த காலத்திலேயே இவ்வண்டி கொட்டகையின் மூலையிற் கிடந்தது. இயந்திரத்திற்கு உயிர் இருந்தது, தட்டுத்தான் செத்துப்போயிருந்தது. சாமான் பேரேட்டில் அதன் பெயருக்கு நேரே ‘உபயோகமற்றது’ என்று எழுதி ஒப்பமிட்டவன் நானே.

இவ்வகை வண்டிகளின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் நகரங்களின் ஓரத்தே, வீட்டைச் சுற்றிப் புல்வெளி உடைய குடியிருப்புக்கள் பெருகின. அப்புல்வெளிகளுக்காகவும் சிறு தோட்டங்களுக்காகவும் இச்சிறு டிராக்டர்கள் பிறந்தன. இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வீல் ஹார்ஸ்’, பெரிய டிராக்டர்களுக்குப் பெயர்பெற்ற இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கப் கேடட்’, ஜான் டீர் கம்பெனி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘110’ ஆகியவை அவற்றுட் புகழ் பெற்றவை. பின்னர்க் காலம் மாறிற்று. கப் கேடட் தொழில் 1981ஆம் ஆண்டில் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. வீல் ஹார்ஸ் 1986ஆம் ஆண்டில் டோரோ கம்பெனியின் வசமாயிற்று. பழைய வண்டிகளுக்குரிய உறுப்புக்கள் பல கடைகளிற் கிடைப்பது அரிதாயிற்று.

ஆயினும் வண்டிகள் சாகவில்லை. அந்நாட்டில் அவற்றை விரும்பிக் காப்பவர் இன்றும் பலர் இருக்கின்றனர். ஓடுகின்ற வண்டி ஒன்றிருந்தால், ஓடாத வண்டி ஒன்றோ இரண்டோ அவர்கள் களஞ்சியத்தின் பின்புறம் கிடக்கும். அவற்றை ‘உறுப்புக்கான டிராக்டர்’ என்றே அழைக்கின்றனர். ஒன்றின் எலும்பை எடுத்து மற்றொன்றுக்கு வைத்து, மூன்று பிணங்களிலிருந்து ஓர் உயிரை எழுப்புவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சிலருக்குத் தொழிலும் ஆம்.

வெட்டுத் தட்டு எவ்வாறு சாகின்றது என்பதை அறிதல் இங்கு அவசியம். அது வெளியிலிருந்து சாவதில்லை, உள்ளிருந்தே சாகின்றது. ஈரப்புல்லை வெட்டும்போது அதன் சாறும் துணுக்கும் தட்டின் உட்புறத்தில் அப்பிக்கொள்கின்றன. வேலை முடிந்தபின் அதனைச் சுரண்டிக் கழுவாமல் விட்டால், அந்தப் பச்சைக் களிம்பு நாட்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. புல்லுக்கு இட்ட உரத்தின் உப்பும் அதனோடு சேரின் கேட்கவே வேண்டியதில்லை. மேலே பூசிய வர்ணம் பளபளவென்று இருக்க, கீழே துரு இரும்பைத் தின்றுகொண்டே போகும். ஒரு நாள் விரலால் அழுத்தினால் தகடு அப்பளம் போல நொறுங்கும். பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டை ஸ்பிண்டில் என்பர். அதன் பேரிங்குகளும் இவ்வாறே. கிரீஸ் வற்றி, நீர் புகுந்து, முதலில் முனகி, பின்னர் அலறி, முடிவில் இறுகிப்போகும். இவை எல்லாம் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. ஒவ்வொரு மாலையும் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டவர்களின் சோம்பல், தகட்டில் எழுதிய எழுத்தே அத்துரு.

எங்கள் பட்டறையில் ஒரு பிட்டர் இருக்கின்றார். அறுபதை நெருங்கியவர். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பால்மரக் காலத்து ஆலையிற் சிறுவனாகச் சேர்ந்து, செம்பனைக் காலம்வரை இரும்போடு வாழ்ந்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவரோ என்னை ‘ஐயா’ என்பார். அவர் வயதிற் பாதியே உடைய என்னை அவர் அவ்வாறு அழைப்பது, என் கையில் பேனாவும் அவர் கையில் ஸ்பானரும் இருப்பதனாலன்றி வேறு எதனாலும் அன்று. இதனை எண்ணி நான் வெட்கியதுண்டு. ஆனால் திருத்தியதில்லை.

சென்ற ஆண்டு அவர் பட்டணத்துப் பழைய இரும்புக் கடையில் அதே வகை வண்டி ஒன்றின் தட்டைக் கண்டார். அதன் ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. மறு பக்கம் துருவின்றித் திடமாய் இருந்தது. எடை போட்டு வாங்கி வந்தார். நான் என் பேரேட்டில் அதனை எங்கே எழுதுவது என்று தெரியாமல் விழித்தேன்.

அவர் செய்த வேலையைப் பல மாலைகள் உடனிருந்து பார்த்தேன். முதலில் இரண்டு தட்டுக்களையும் கவிழ்த்துச் சுரண்டி, சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். திடமான தகடு மணிபோல ஒலித்தது. செத்த தகடு மண்போல ஒலித்தது. மண்ணொலி கேட்ட இடமெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட்டார். அவ்வட்டங்களை ஈவிரக்கமின்றி வெட்டியெடுத்தார். நசுங்கிய தட்டின் நல்ல பக்கத்திலிருந்து அதே கனமும் அதே வளைவும் உடைய துண்டுகளை அறுத்து, வெட்டிய வாயில் வைத்துப் பற்றவைத்தார். வெடித்திருந்த ஸ்பிண்டில் கூடுகள் இரண்டையும் கழற்றிவிட்டு மற்றதன் கூடுகளைப் பொருத்தினார். சிறு உறுப்புக்களின் துருவைப் போக்குவதற்கு, சலவைச் சோடா கரைத்த நீர்த் தொட்டியில் அவற்றை அமிழ்த்தி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை உறுப்புக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் இணைத்தார். இரவு முழுதும் குமிழி எழும்பியது. அக்குமிழி எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு ஆகையால், தொட்டியைப் பட்டறைக்கு வெளியே திறந்த வெளியில் வைத்திருந்தார்.

பேரிங்குகளை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னார். பழைய பேரிங்கின் விளிம்பில் மங்கலாகத் தெரிந்த 6204 என்ற இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. இவ்விலக்கத்தை உடைய பேரிங் சுவீடனிற் செய்யப்படினும் ஜப்பானிற் செய்யப்படினும் இவ்வளவே இருக்கும். வண்டியைச் செய்தவன் தன் பெட்டிக்கே உரிய தனி உறுப்பை வைக்காமல் உலகப் பொது அளவை ஏற்றுக்கொண்ட இடத்தில், பல ஆண்டுகள் கழித்தும் அவ்வண்டிக்கு உயிர் கொடுக்க முடிகின்றது. அவன் தன் உறுப்பைப் பூட்டி வைத்த இடத்தில் வண்டி அநாதையாகின்றது. பொதுவாக்கப்பட்ட அறிவு நீடித்து வாழும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி என் குற்றத்திற்கு வருகின்றேன். வேலை பாதியில் இருக்கும்போது, கம்பெனி மேலதிகாரிகள் தோட்டத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. ஒழித்துக் கட்டிய வண்டி ஓடுவதை அவர்கள் கண்டால் எங்கள் அனைவர்க்கும் நல்ல பெயர் கிடைக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. நான் பிட்டரிடம் சென்று, “அண்ணே, மிச்சமுள்ள ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடி, வர்ணம் அடித்துவிட்டால் என்ன? பிறகு ஆறுதலாகச் செய்துகொள்ளலாமே” என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுட்டிக் காட்டினார். “ஐயா, பார்க்க வருகிறவர் மேலே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். பிளேடு கீழே சுற்றப் போகிறது. புல்வெளி ஓரத்தில் நம் பிள்ளைகள்தாம் பந்து விளையாடுகிறார்கள்” என்றார். அவ்வளவே. மீண்டும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இவ்வகை இயந்திரங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி, பிளேடின் நுனி நிமிடத்திற்கு 19,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடலாகாது என்று கட்டளையிடுகின்றது. மணிக்கணக்கிற் சொன்னால் அவ்வெல்லை சுமார் 347 கிலோமீட்டர். அவ்வெல்லைக்கு உட்பட்டுச் சுழலும் பிளேடு கூட எத்தகைய வேகமுடையது என்பதை எண்ணிப் பாருங்கள். பட்டியால் மூடிய தகட்டில் ஸ்பிண்டில் ஆடத் தொடங்கி, தகடு கிழிந்து, ஒரு துண்டு பறந்திருந்தால், அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்திராது. பேரேட்டில் ‘செப்பனிடப்பட்டது’ என்ற ஒரு சொல் மட்டும் அழகான கையெழுத்தில் இருந்திருக்கும். நான் பிட்டரிடம் கேட்டது ஒரு பொய்யை. அதனை வர்ணம் என்று பெயர் மாற்றிக் கேட்டேன்.

இங்கே ஒரு பழைய தத்துவக் கேள்வி நினைவுக்கு வருகின்றது. கிரேக்க நாட்டுத் தீசியஸ் என்னும் வீரனுடைய கப்பலை ஆதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பாதுகாத்தனர் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர் என்றும் புளூடார்க் எழுதினார். எல்லாப் பலகைகளும் மாறியபின் அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று அறிஞர் வாதிட்டனராம். ஆங்கிலத் தத்துவ ஞானி ஹாப்ஸ், 1655ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இக்கேள்வியை மேலும் முறுக்கினார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார்.

எங்கள் பட்டறையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்கே ஒன்று இரண்டாயிற்று. இங்கே இரண்டு ஒன்றாயிற்று. கணக்கெழுதுபவனாகிய எனக்கு இது வெறும் ஏட்டுச் சந்தேகம் அன்று. எந்த இலக்கத்தைப் பேரேட்டில் எழுதுவது? நான் ஒழித்துக் கட்டிய தட்டு உயிர்பெற்றதா? இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது வேறு பெயரில் வந்து நிற்கின்றதா? அன்றி, இரண்டும் செத்து மூன்றாவது ஒன்று பிறந்ததா?

நெடிது எண்ணியபின் எனக்குத் தோன்றிய விடை இது. இரும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இக்கேள்விக்கு முடிவே இல்லை. பொருளுக்கு ஒரு தொழில் உண்டு. அத்தொழிலுக்கு ஒருவர் பொறுப்பு ஏற்கின்றார். அப்பொறுப்பு அறாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வரும் வரையில் அது அதே பொருள் என்று நாம் சொல்லலாம். பொறுப்பு அறுந்த அன்றே, ஓர் ஆணி கூட மாறாதிருப்பினும், அது குப்பை. நான் ‘உபயோகமற்றது’ என்று எழுதிய நாளில் அத்தட்டு செத்தது துருவினால் மட்டும் அன்று. அதற்கு இனி ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று என் பேனா தீர்ப்பளித்ததனாலும் ஆகும். பிட்டர் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தபோது அப்பொறுப்பு மீண்டும் ஓர் ஆளைப் பற்றிக்கொண்டது.

பொறுப்பு என்றால் உண்மை வேண்டும். பிட்டர் பற்றவைத்த தழும்புகளை அரைத்து மறைக்கவில்லை. வர்ணம் பூசியபின்னும் எங்கே ஒட்டு, எங்கே பழைய தகடு என்பது குனிந்து பார்ப்பவனுக்குத் தெரியும். பின்னர் வருகின்றவன் எந்த இடத்தை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே குறிப்பு. நானும் பேரேட்டில் ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, எது புதியது, எது பழையது, எந்நாளிற் பொருத்தப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதி வைத்தேன். ஒட்டுப் போட்ட துணியை உடுத்துவது இழிவன்று. கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பதே துன்பம்.

மேலதிகாரிகள் வந்தனர். வண்டி அப்போது பாதி வேலையில், வயிறு திறந்து கிடந்தது. அவர்கள் அதனைப் பாராமலே போய்விட்டனர். நான் பொய் சொல்லி அடைய நினைத்த நல்ல பெயரின் விலை அவ்வளவே.

இனி இதற்குச் சொல்லக்கூடிய தடைகளையும் ஆராய்தல் நேர்மை. “இத்தனை நாள் உழைப்புக்குக் கூலி போட்டால் புதியது வாங்கியிருக்கலாமே” என்பர். சில வேளை அது மெய்தான். உழைப்பாளியின் நேரத்தைச் செலவில்லாதது என்று எண்ணிப் பழுது பார்ப்பைப் புகழ்வது அவனை ஏமாற்றுவதாகும். அவர் உழைத்த மணிகளைக் கணக்கில் ஏற்றிக் கூலி கொடுத்தபின்னரே சிக்கனத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் புதியதன் விலையிலும் நாம் எழுதாமல் விடும் பகுதி ஒன்று இருக்கின்றது. சுரங்கத்தில் வெட்டி, உலையில் உருக்கி, கடல் கடந்து கொண்டுவந்த இரும்பை இரும்பாகவே எறிந்துவிடும் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

“அப்படியானால் பழையது எல்லாவற்றையும் காக்க வேண்டுமோ?” என்பது இரண்டாவது தடை. இல்லை. சுத்தியல் எதற்கு? சுற்றிலும் மண்ணொலி கேட்கும் தட்டை எறியத்தான் வேண்டும். அதில் ஒட்டுப் பிடிக்காது. மேலும், எந்த உறுப்பைப் பழையதிலிருந்து எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பதிலும் ஒழுங்கு உண்டு. கூட்டை எடுக்கலாம், கப்பியை எடுக்கலாம், தகட்டை எடுக்கலாம். வளைந்த பிளேடை நிமிர்த்தியோ வெடித்த பிளேடைப் பற்றவைத்தோ பயன்படுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதனுள் இருக்கும். பிட்டர் பழைய பிளேடுகளைத் தொடவே இல்லை. புதியவற்றை வாங்கி, நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டி, எந்தப் பக்கம் தாழ்கின்றது என்று பார்த்து, தாழ்ந்த பக்கத்தைச் சிறிது அரைத்துச் சமன் செய்தார். பழையது என்பதனாலேயே ஒன்றைப் போற்றுவதும், பழையது என்பதனாலேயே ஒன்றைத் தள்ளுவதும் தட்டிப் பார்க்கச் சோம்பியவர் செயலே. இது இரும்புக்கு மட்டும் பொருந்துவதன்று என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

கடைசியாக, என் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்றுளது. வண்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களுக்குள் என் மேசைக்கு இன்னொரு தாள் வந்தது. பிட்டருக்கு அறுபது வயது நிறைவெய்துவதால், ஓய்வுக் கடிதம் தயார் செய்ய வேண்டும் என்பது அதன் உத்தரவு. 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டம், அறுபது வயதுக்கு முன் ஒருவரை வயதைக் காட்டி ஓய்வு பெறச் செய்யலாகாது என்று சொல்லுகின்றது. அறுபதுக்குப் பின் என்ன என்பதைப் பற்றி முதலாளியின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகின்றது. அவர் குடியிருப்பது தோட்டத்து லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். நான் எழுத வேண்டிய கடிதம் அச்சடித்த மாதிரியில் இருக்கின்றது. பெயரையும் தேதியையும் நிரப்பினாற் போதும். சாமான் பேரேட்டில் ‘உபயோகமற்றது’ என்று எழுதிய அதே பேனாதான் அதனையும் நிரப்ப வேண்டும்.

மனிதனை இயந்திரத்தோடு ஒப்பிடுவது தவறு என்பதை நான் அறிவேன். செத்த வண்டியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்கு வைப்பது முறை. மனிதனிடத்துப் பயன் உள்ளதை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை எறிவது கொடுமை. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜெர்மன் ஞானி கான்ட் 1785ஆம் ஆண்டில் எழுதியதன் பொருளும் இதுவே. ஆதலால், பிட்டர் இன்னும் பயன்படுவார் என்று வாதாடுவது அவருக்குச் செய்யும் முழு நீதி ஆகாது. பயன்படாத நாள் வந்தாலும் அவருக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அது வேறு வழக்கு. அதையும் நாம் வாதாடியே தீரவேண்டும். ஆனால் இன்று நடப்பது என்ன? எறியப்பட்ட தட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஒருவர் இருந்தார். அவரைத் தட்டிப் பார்க்க ஒருவருமில்லை. இரும்புக்குக் கிடைத்த விசாரணை கூட மனிதனுக்குக் கிடைப்பதில்லை.

நான் அக்கடிதத்தை இன்னும் நிரப்பவில்லை. அதற்குப் பதிலாக மானேஜருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கின்றேன். பட்டறையில் இரண்டு இளைஞர்களைச் சேர்த்து, அவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் ஆசிரியராகப் பிட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதுவரை வீட்டை விடச் சொல்லலாகாது என்றும் அதில் வேண்டியுள்ளேன். அவர் கையிலிருக்கும் அறிவு எந்த நூலிலும் இல்லை. மண்ணொலிக்கும் மணியொலிக்கும் உள்ள வேற்றுமையை எழுதிக் காட்ட முடியாது. குறிப்புக்கு விடை வரவில்லை. வராமலும் போகலாம். அப்போது என்ன செய்வது என்பதை நான் இன்னும் துணியவில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்லுகின்றேன்.

என்னைப்போற் பேனா பிடித்துப் பிழைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உபயோகமற்றது’ என்ற சொல்லை எழுதும் முன், எழுந்து சென்று பட்டறையில் ஒரு முறை குனிந்து பாருங்கள். அங்கே வேலை செய்பவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எழுதுங்கள். வேண்டும் என்றால் உடனிருந்து விளக்குப் பிடியுங்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கறுத்த கையை உடையவர் உங்களை ‘ஐயா’ என்று அழைக்கும்போது, அவ்வழைப்பை ஏற்கும் தகுதி நமக்கு எதனால் வந்தது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பங்களாப் புல்வெளியில் வண்டி இன்றும் ஓடுகின்றது. மாலை தோறும் அதன் தட்டைக் கவிழ்த்து ஒருவர் சுரண்டிக் கழுவுகின்றார். சில நாட்களாக அக்கரண்டியை நானும் பிடித்துப் பழகி வருகின்றேன்.